குடும்பத்தோடு குடியேற வழிகாட்டியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

துபாயிலும் ஷார்ஜாவிலும் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் பணிபுரியும் தமிழ் ஆசிரியர்களும் எங்கள் குடும்பத்தாரும் சேர்ந்து எழுதும் மடல் இது. ஏப்ரலில் பள்ளி திறந்தபோது எங்கள் பிள்ளைகளும் இங்கேயே வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள். சம்பளம் மட்டும் அதைச் செய்துவிடவில்லை. எந்தத் தாளை எதற்கு முன்னால் வாங்க வேண்டும் என்று வேளை தவறாமல் சொல்லிக்கொடுத்தவர்கள் நீங்கள். அடுத்து வருகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று, நீங்கள் சொன்ன விவரங்களையும் நன்றியோடு சேர்த்தே எழுதுகிறோம்.

முதல் நன்றி, ஊரில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய பெற்றோருக்கும் மாமனார் மாமியாருக்கும், பொறுமையாகப் பதில் சொன்ன சார்பதிவாளர் அலுவலக ஊழியர்களுக்கும். மனைவிக்கோ கணவருக்கோ விசா எடுக்கத் திருமணப் பதிவுச் சான்று வேண்டும். கோயில் ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் செல்லாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாள் உண்டு. சான்று கைக்கு வந்ததும் மாநில அரசின் முத்திரை, பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம். இங்கே வந்தபின் அமீரக வெளியுறவு அமைச்சகம், கடைசியாக அங்கீகாரம் பெற்றவரிடம் அரபு மொழிபெயர்ப்பு. நடுவில் ஒன்றைத் தாண்டிப் போக முடியாது. சவூதிக்கும் ஓமனுக்கும் போகிறவர்கள் வாங்கும் அப்போஸ்டில் முத்திரை (ஓர் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஒன்றன் சான்றை மற்றொன்று ஏற்க வைக்கும் முத்திரை) இங்கே போதாது, ஏனென்றால் அமீரகம் அந்த உடன்படிக்கையில் சேரவில்லை. இதைத் தெரியாமல் அப்போஸ்டில் வாங்கிவந்தவர்கள் சான்றைத் திரும்ப ஊருக்கு அனுப்ப வேண்டியதாகிறது.

நம்மவர்களுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: இனிஷியல். பதிவுச் சான்றில் ‘க. செல்வி’, பாஸ்போர்ட்டில் ‘செல்வி கந்தசாமி’, பிள்ளையின் பிறப்புச் சான்றில் வெறும் ‘செல்வி’ என்றிருந்தால் மூவரும் ஒருவரே என்று நிரூபிக்கும் வேலை வந்து சேரும். முத்திரை குத்தும் முன்பே எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி திருத்திக்கொள்ளச் சொன்னீர்கள். முத்திரை விழுந்தபின் திருத்தினால் செலவு மறுபடி முழுசாக ஆகிறது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து விசிட் விசாவிலும் சிக்கல் உண்டு. விடுமுறைக்கு மட்டும் குடும்பத்தை அழைக்க நினைப்பவர்களும் இதை முதலிலேயே சரிசெய்வது நல்லது. பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயரே ஏறாமல் இருப்பதும் நம் ஊரில் சாதாரணம். பிறந்து 12 மாதம் வரை கட்டணமின்றியும், அதன்பின் 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம்.

பள்ளிகளில் விசா, அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ.க்களுக்கு அடுத்த நன்றி. குடும்பத்தை ஸ்பான்சர் செய்ய, அதாவது நம் பொறுப்பில் விசா எடுத்து அழைக்க, மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும். 2019-இல் விதி மாறியதிலிருந்து தொழில் எது என்று பார்ப்பதில்லை, வருமானத்தைத்தான் பார்க்கிறார்கள். தாய் ஸ்பான்சராக இருந்தால் பிள்ளைகளுக்குத் தந்தையின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். ‘தங்குமிடம் உண்டு’ என்று வேலைக் கடிதத்தில் இருந்தாலும் அது பெரும்பாலும் இருவர் மூவர் பகிரும் அறை. அதில் குடும்பம் வைக்க முடியாது. கையெழுத்திடும் முன் ‘அறைக்குப் பதில் வாடகைப் படி தருவீர்களா, மாதத்துக்கு எவ்வளவு?’ என்று எழுத்தில் கேட்கச் சொன்ன மூத்த ஆசிரியர்களை மறக்க மாட்டோம். சேர்ந்தபின் கேட்டால் இதற்குப் பதில் கிடைப்பது அரிது.

வீட்டு விஷயத்தில் உங்களிடம் பட்ட கடன் பெரிது. துபாயில் வருட வாடகையை பின்தேதியிட்ட செக்குகளாகக் கொடுக்க வேண்டும். புதிதாக வந்தவரிடம் செக் புத்தகம் இருக்காது; வங்கிக் கணக்குக்கு எமிரேட்ஸ் ஐடி என்ற அமீரக அடையாள அட்டை வேண்டும், அதற்கு விசா முடிய வேண்டும். அதனால்தான் முதல் சில மாதம் பள்ளி அறையிலேயே இருந்து பணம் சேர்க்கச் சொன்னீர்கள். கணக்கையும் போட்டுக் காட்டினீர்கள். வருடத்துக்கு 50,000 திர்ஹாம் வாடகை, நான்கு செக் என்றால் முதல் செக் 12,500. முன்பணம் 5 சதவீதம், அதாவது 2,500. தரகருக்கு 5 சதவீதமும் அதன் மேல் வரியும் சேர்த்து 2,625. துபாயின் மின்சார, தண்ணீர் வாரியமான தேவாவின் இணைப்புக்குத் திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை 2,000. எஜாரிப் பதிவுக்கும் (துபாயில் வாடகை ஒப்பந்தத்தை அரசிடம் பதிவது) இணைப்புக் கட்டணத்துக்கும் சில நூறு. ஆக, சாவி வாங்கும் வாரத்தில் கையில் 20,000 திர்ஹாம் வேண்டும். கட்டிலும் பாத்திரமும் இதில் சேரவில்லை.

அதோடு முடியாது. வருட வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாக 12 மாதத்துக்குப் பிரித்துத் தேவா பில்லில் வரும். 50,000 வாடகைக்கு மாதம் சுமார் 208 திர்ஹாம். ஏ.சி. குளிரூட்டல் வாடகையில் அடக்கமா, தனி நிறுவனத்தின் பில்லா என்று கேட்காமல் கையெழுத்திடக் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏ.சி.யை நிறுத்தவே முடியாத ஊரில் இது சின்ன வித்தியாசம் அல்ல. வாடகை குறைவு என்று பார்ட்டிஷன் போட்ட வீட்டில் குடும்பத்தை வைப்பதை நீங்கள் கண்டிப்பாகத் தடுத்தீர்கள். அது சட்டவிரோதம், தீ பிடித்தால் வெளியேற வழி இல்லை, எஜாரியும் கிடைக்காது. எஜாரி ஸ்பான்சர் பெயரில் இல்லாவிட்டால் குடும்ப விசா நகராது.

வாடகைச் சட்டத்தை எளிய தமிழில் விளக்கியவர்களுக்கும் நன்றி. துபாயில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கையில் வாடகையையோ நிபந்தனையையோ மாற்ற வேண்டுமானால் 90 நாள் முன்பே சொல்ல வேண்டும். 2013-ஆம் ஆண்டு ஆணைப்படி, சந்தை வாடகையை விட 10 சதவீதம் வரை குறைவாக இருந்தால் ஏற்றவே முடியாது. 11 முதல் 20 வரை என்றால் 5 சதவீதம், இப்படிப் படிப்படியாக அதிகபட்சம் 20 சதவீதம்தான். விற்கவோ சொந்த உபயோகத்துக்கோ காலிசெய்யச் சொன்னால் நோட்டரி வழியாகவோ பதிவுத் தபாலிலோ 12 மாத அறிவிப்பு வேண்டும். வாட்ஸப் செய்தி அறிவிப்பாகாது. ஷார்ஜாவின் சட்டம் வேறு. அங்கே 2024-இன் புதிய சட்டப்படி முதல் மூன்று வருடம் வாடகை ஏற்றக் கூடாது. துபாய் விதியை ஷார்ஜா வீட்டுக்காரரிடம் பேசி வாக்குவாதம் செய்வதில் பயனில்லை என்பதையும் உங்களிடமே கற்றோம்.

விசா விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் டைப்பிங் சென்டர் நண்பர்களே, உங்கள் உதவிக்கு ஈடு இல்லை. நுழைவு அனுமதி வந்த 60 நாளுக்குள் குடும்பம் வந்து சேர வேண்டும், வந்தபின் 60 நாளுக்குள் மருத்துவப் பரிசோதனையும் எமிரேட்ஸ் ஐடியும் விசாவும் முடிய வேண்டும் என்று காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுத்தீர்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பரிசோதனை இல்லை. துபாய் விசாவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பள்ளி தருவது பல நேரம் ஆசிரியருக்கு மட்டும், குடும்பத்துக்கு நாமே எடுக்க வேண்டும்.

இங்கே பிறந்த குழந்தைக்கு 120 நாளுக்குள் விசா முடியாவிட்டால் அபராதம் ஏறும். அதற்குள் பிறப்புச் சான்றும் இந்தியப் பாஸ்போர்ட்டும் வந்தாக வேண்டும் என்பதால், மருத்துவமனையிலிருந்து வந்த வாரமே தொடங்கச் சொன்னீர்கள். பிரசவத்துக்கு ஊருக்குப் போகும் தாய்மார் ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் அவர்கள் விசா செல்லாமல் போகும். வளைகாப்புக்குப் போய், குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்தபின் திரும்பலாம் என்று திட்டமிடுகிறவர்கள் நாளை எண்ணிக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சொன்ன சக ஆசிரியைகளுக்கு நன்றி. ஏப்ரலில் தொடங்கும் பள்ளிகளில் வயதுக் கணக்கு மார்ச் 31-ஐ வைத்துத்தான். டி.சி.யில் ஊரின் கல்வி அலுவலகக் கையொப்பம் இல்லாமல் விமானம் ஏறக் கூடாது. ஒன்பதாம் வகுப்பு வரை அரபு கட்டாயம். தமிழும் ஆங்கிலமும் மட்டும் படித்துவந்த பிள்ளைக்கு இந்தியும் கூடவே வந்து நிற்கும். தமிழ் சொல்லித்தரும் பள்ளிகள் சிலவே. ஆறாம் வகுப்புக்கு மேல் அழைத்துவருகிறவர்கள் இதை முதலில் விசாரிக்க வேண்டும். ஆசிரியர் பிள்ளைகளுக்கான கட்டணச் சலுகை எத்தனை பிள்ளைகளுக்கு, பஸ்ஸும் புத்தகமும் சேர்த்தா என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

பணிக்கொடை பற்றி எங்களிடம் பேசிய ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். முதல் ஐந்து வருடம் ஆண்டுக்கு 21 நாள், அதன்பின் 30 நாள் ஊதியம். கணக்கு அடிப்படைச் சம்பளத்தில் மட்டும். வாடகைப் படி சேராது. மொத்தத் தொகை ஒன்றாக இருக்கும் இரண்டு வேலைகளில், அடிப்படைச் சம்பளம் கூடுதலாக உள்ளதை எடுக்கச் சொன்னீர்கள். வேலை மாறும்போது நம் விசாவை ரத்து செய்யும் முன் குடும்ப விசாக்களை நிறுத்திவைக்க வேண்டும் என்பதையும், வீட்டு ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்பதையும் சொன்னீர்கள். பெரும்பாலும் இரண்டு மாத வாடகை கேட்பார்கள்.

அடுத்த ஏப்ரலில் வரும் புதிய ஆசிரியர்களின் தாள்களைச் சரிபார்த்துக் கொடுக்க நாங்கள் தயாராக இருக்கிறோம்.

நன்றியுடன்,
துபாய், ஷார்ஜா வாழ் தமிழ் ஆசிரியர் குடும்பங்கள்