மொய் நோட்டும் சார்ட் கமாண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல, லிஸ்ட்டை வரிசைப்படுத்தணும்னா ஸ்ப்ரெட்ஷீட்ல மேலிருந்து கீழ வர்ற அந்தப் பத்தியை செலக்ட் பண்ணி ஒரு பட்டனை அமுக்குனா முடிஞ்சதுன்னு போட்டிருந்தீங்க. முடியத்தான் செஞ்சுச்சு, எங்க வீட்டு மொய்க்கணக்கே முடிஞ்சுபோச்சு.

ஆவணியில தம்பி மகளுக்குக் காதுகுத்து வச்சோம், கோட்டையூர்ல. மொய் எழுதுனது ரெண்டு நோட்டு. தங்கச்சி மகன் அதை லேப்டாப்ல ஏத்தி பேரு, ஊரு, தொகைன்னு மூணு பத்தியா அடிச்சு, பெரிய தொகை மேல வரட்டும்னு தொகைப் பத்தியை மட்டும் செலக்ட் பண்ணி அமுக்கிட்டான். பக்கத்துல இருக்குறதையும் சேத்துக்கவான்னு அது கேட்கத்தான் செஞ்சிருக்கு, இவன் வேணாம்னுட்டான். தொகையெல்லாம் எடம் மாறி, பேரெல்லாம் அங்கனயே நின்னுருச்சு. எங்க யாருக்கும் தெரியல. பிரிண்ட் எடுத்து சத்தமா வாசிக்கறப்ப அப்பத்தாதான் நிறுத்துச்சு, "பள்ளத்தூர்க்காரக 101 வச்சாகளா? அவுக 5001 வச்சதை நான் கண்ணால பாத்தேன்டா"ன்னு. மொய்னா திருப்பிச் செய்யவேண்டிய கடன் ஐயா, ஒரு ஆள் தொகை இன்னொரு ஆள் பேர்ல ஏறிட்டா நாளைக்கு அவுக வீட்டு விசேஷத்துல நாங்க மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது.

நல்லவேளை நோட்டு ரெண்டும் பத்திரமா இருந்துச்சு. திரும்ப அடிச்சோம், இந்தத் தடவை சாதா டெக்ஸ்ட் ஃபைலா, பேருக்கும் ஊருக்கும் தொகைக்கும் நடுவுல ஒரு செங்குத்துக் கோடு போட்டு. அப்பறம் கமாண்டு அடிக்கிற ஜன்னலான டெர்மினலைத் திறந்து, வரிகளை அடுக்கிவைக்கிற சார்ட்டை (sort) ஓட்டுனோம். யூனிக்ஸ்ங்கற பழைய கம்ப்யூட்டர் சிஸ்டத்துக்கு 1971ல வந்த முதல் கையேட்டுலயே இருக்குற கமாண்டு இது, இன்னைக்கு லினக்ஸ்லயும் மேக்லயும் தானாவே இருக்கு, காசு கெடையாது. எனக்கு இதுல பிடிச்சதே, இது முழு வரியாத்தான் தூக்கி வைக்கும், பேரை விட்டுட்டுத் தொகையை மட்டும் நகத்துறதுக்கு இதுக்குத் தெரியவே தெரியாது.

நாங்க அடிச்சதை இங்க தமிழ் எழுத்துலயே தரேன், இங்கிலீஷ்ல அடிக்கறப்ப எல்லாம் சின்ன எழுத்து:

சார்ட் -டி '|' -கே2,2 -கே3,3என்ஆர் மொய்.டிஎக்ஸ்டி

அதாவது முதல்ல ஊர் வாரியா, ஒவ்வொரு ஊருக்குள்ளயும் பெரிய தொகை மேல. டி-ங்கறது பத்தியைப் பிரிக்கிற குறி எதுன்னு சொல்றது, அந்தக் கோட்டை மேற்கோளுக்குள்ள வைக்கலைன்னா ஷெல், அதாவது நாம அடிக்கிறதை வாங்கி ஓட்டுற புரோகிராம், அதைப் பைப்புன்னு, விடையை இன்னொரு கமாண்டுக்கு அனுப்பச் சொல்றோம்னு நெனச்சுக்கும். குறியே சொல்லலைன்னா எடைவெளியை வச்சுப் பிரிக்க ஆரம்பிச்சுரும், நம்ம ஊர்ல "பெரிய வீட்டு மாமா"ன்னு பேரே மூணு வார்த்தையில இருக்கு, எது ரெண்டாம் பத்தின்னு வரிக்கு வரி மாறிரும். கே-ங்கறது எந்தப் பத்தியை வச்சு அடுக்கணும்னு சொல்றது, கே2,2ன்னு ரெண்டு தடவை ரெண்டு போட்டதுக்கும் காரணம் இருக்கு, வெறும் கே2ன்னு விட்டா ரெண்டாம் பத்தியில ஆரம்பிச்சு வரி முடியுற வரைக்கும் சேத்து ஒப்பிடும், இதுல ஏமாந்தவங்க எக்கச்சக்கம், நானும் ஒருத்தன். 'என்'ங்கற எழுத்தைப் போட்டாத்தான் தொகையை எண்ணாப் பாக்கும், இல்லைன்னா எழுத்து எழுத்தாப் பாத்து 1001, 101, 2001, 5001, 501னு அடுக்கிவைக்கும். ஆர் தலைகீழாக்குறதுக்கு. தொகைக்கு முன்னாடி ரூபாய் குறி மட்டும் போட்றாதீங்க, அதைப் பூஜ்யம்னு எடுத்துக்கும், 5001 வச்ச மனுசன் அவர் ஊர் லிஸ்ட்ல அடியில போயிருவாரு.

எங்க வீட்ல இன்னொரு சிக்கல். தாய்மாமன் மொய்யைத்தான் முதல்ல எழுதுவோம். அவர் ஊர்லேயே இன்னொருத்தரும் அதே தொகை வச்சிருந்தாரு, ஊரும் தொகையும் ஒண்ணா இருந்தா சார்ட் முழு வரியையும் ஒப்பிட்டுப் பேர் வரிசையில வச்சிரும், மாமன் கீழ போயிட்டாரு. -எஸ் சேத்ததும் எழுதுன வரிசை மாறாம மாமன் மேல வந்துட்டாரு. வந்தது நல்லதாப்போச்சு, அவர் கோவக்காரரு.

ஊர் வரிசையிலயும் ஒரு வேடிக்கை. எல்சி_ஆல்=சி-ன்னு (இது மட்டும் பெரிய எழுத்து) வச்சு ஓட்டுனா, கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் குடுத்திருக்குற யூனிகோட் நம்பர் வரிசையில போகும், அதுல ன-வுக்கு ர-வை விடச் சின்ன நம்பர், அதனால காரைக்குடிக்கு முன்னாடி கானாடுகாத்தான் வந்து உக்காந்துருச்சு. தமிழ் லோகேல், அதாவது தமிழுக்கான மொழி அமைப்பு, வச்சு ஓட்டுனதும் நம்ம அகராதி வரிசைக்கு வந்துச்சு.

விடையை அதே ஃபைலுக்கு > போட்டு மட்டும் அனுப்பிறாதீங்க, சார்ட் படிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஷெல் அந்த ஃபைலைக் காலி பண்ணிரும். -ஓ போட்டு ஃபைல் பேரைக் குடுத்தா பயமில்ல.

எங்க அப்பா செட்டியார் வீட்ல கணக்குப்பிள்ளையா இருந்தவரு. குறிப்புல நாள்படி எழுதுவாரு, ராத்திரி உக்காந்து பேரேட்டுல ஆள்படி ஏத்துவாரு, ஒரு வரி எடுத்தா அந்த வரி முழுசையும் எடுத்துத்தான் எழுதுவாரு, பேரை ஒரு நாளும் தொகையை ஒரு நாளும் எழுதுனதில்ல. அதனால இதைப் பாத்தப்ப எனக்குப் புதுசாவே தோணல.

உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல அடுத்த தடவை இதையும் ரெண்டு வரி போடுங்க. அது முடியலைன்னா, முழு டேபிளையும் செலக்ட் பண்ணிட்டு அமுக்குங்கன்னாவது கொட்டை எழுத்துல போட்டுருங்க.

புது லிஸ்ட்டை அப்பத்தாகிட்ட வாசிச்சோம். பள்ளத்தூர் 5001 சரின்னுச்சு. தலையை ஆட்டிக்கிட்டே வந்துட்டு வேலங்குடி வந்ததும், "ஒரு ஆளைக் காணோமேடா"ன்னுச்சு. போய் நோட்டைப் பாத்தா இருக்கு, நாங்கதான் டைப் அடிக்காம விட்டிருக்கோம்.

இப்படிக்கு,
கோட்டையூர் வாசகன்