நீரிழிவு ஆய்வின் பலன் நம் தட்டுக்கும் வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் அம்மாவைக் கண் பரிசோதனைக்காகப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றேன். அம்மாவுக்கு வயது 76. இருபத்திரண்டு ஆண்டுகளாக இனிப்பு நீர். (எங்கள் வீட்டில் இன்றும் அப்படித்தான் சொல்கிறோம். நீரிழிவு என்று சொன்னால் வேறு யாருக்கோ வந்த நோய் போல அம்மா கேட்டுக்கொண்டிருப்பார்.) முகவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, இமைக்காமல் உள்ளே இருக்கும் புள்ளியைப் பார்க்கச் சொன்னார் தாதி. பளிச்சென்று ஒரு வெளிச்சம். அம்மா திடுக்கிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் படத்தை யார் பார்ப்பார்கள்?"

பயிற்சி பெற்றவர்கள் பார்ப்பார்கள் என்றேன். அவர்களுக்குத் துணையாக, விழித்திரைப் படங்களைப் படித்து நீரிழிவால் கண்ணுக்கு வந்த பாதிப்பைக் கண்டுபிடிக்கக் கற்ற ஒரு கணினி நிரலும் இந்தச் சிங்கப்பூரிலேயே உருவாகியிருக்கிறது என்றேன். சொல்லும்போதே அப்பாவின் நினைவு வந்தது.

2007 முதல் 2009 வரை சிங்கப்பூர் கண் ஆய்வுக் கழகம் தீவின் தென்மேற்குப் பகுதியில் 40 வயதைத் தாண்டிய இந்தியர்களின் கண்களை ஆராய்ந்தது. கலந்துகொண்டவர்கள் 3,400 பேர். அப்போது நாங்கள் கிளமெண்டியில் இருந்தோம். அப்பாவுக்குக் கடிதம் வந்தது. "எதற்கு வேண்டாத வேலை?" என்று சொன்னவர்கள் உண்டு. அப்பா சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். சொட்டு மருந்தில் கண்மணி விரிந்துபோய், வெயில் தாங்காமல், நாளிதழை நெற்றிக்கு மேல் பிடித்தபடி அவர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்த ஆய்வின் படங்கள் பிறகு என்ன ஆயின என்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். செலீனா பிளஸ் என்ற அந்த நிரலைக் கண் ஆய்வுக் கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கின. 2017இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஏறக்குறைய ஐந்து லட்சம் விழித்திரைப் படங்களைக் கொண்டு அதைப் பழக்கியும் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். நிரல் சரியாகப் படிக்கிறதா என்று பார்க்க வைத்த தொகுப்புகளில் அந்த 3,400 இந்தியர்களின் ஆய்வும் ஒன்று. அப்பா 2014இல் காலமாகிவிட்டார். தம் கண் இப்படி ஒரு காரியத்துக்கு உதவியது என்று அவருக்குத் தெரியாது. நாங்களும் யாரிடமும் கேட்கவில்லை.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. இந்த நோய் நம்மவர்களை அதிகமாகவே பிடித்திருக்கிறது. 2010 தேசியச் சுகாதார ஆய்வில் சீனர்களில் 9.7 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 17.2 விழுக்காடு. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவின்மீது போர் அறிவித்தது. அடுத்த ஆண்டு அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தேசிய தினப் பேரணி உரையிலேயே அதைப் பற்றிப் பேசினார். 2021-2022இல் நாடு முழுவதற்குமான விகிதம் 8.5 விழுக்காடு. ஒரு லட்சம் பேரின் மரபணுக்களை ஆராயும் எஸ்ஜி100கே திட்டமும் இங்கே தொடங்கப்பட்டது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரும் அதில் இருக்கிறார்கள். ஐரோப்பியரின் உடலை வைத்துப் போட்ட கணக்கு நமக்குப் பொருந்தாது. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ குறியீட்டில், எடையால் ஆபத்து தொடங்கும் அளவை இங்கே 25இலிருந்து 23ஆகக் குறைத்ததும் அதனால்தான். என் அம்மாவின் எடை 48 கிலோவைத் தாண்டியதே இல்லை. "ஒல்லியான உடம்பு, உனக்கு எங்கே வரப்போகிறது?" என்று சுற்றியிருந்தவர்கள் சொல்லிச் சொல்லியே அவர் முதல் பரிசோதனையைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டார்.

என் மனக்குறை சாப்பாட்டில்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருந்தகத்தில் அம்மாவுக்கு உணவு ஆலோசனைத் தாள் ஒன்று கொடுத்தார்கள். அதில் மீகூன் (அரிசி நூடுல்ஸ்) இருந்தது, முழுத்தானிய ரொட்டி இருந்தது. தோசை இல்லை, இடியாப்பம் இல்லை, சாம்பார் இல்லை. "இதில் எதை நான் சாப்பிடுகிறேன்?" என்று கேட்டுவிட்டு அம்மா அதை மடித்துப் பையில் வைத்தார். பிறகு அதை எடுத்துப் பார்க்கவே இல்லை.

உணவைப் பற்றி இங்கே நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பேராசிரியர் ஜெயக்குமார் ஹென்றியின் குழு செய்த ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. முதலில் காய்கறி, அடுத்து இறைச்சி, கடைசியில் சோறு என்ற வரிசையில் சாப்பிட்டால், சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது குறைகிறதாம். செலவில்லாத வைத்தியம். ஆனால் அதில் பங்கேற்றவர்கள் ஆரோக்கியமான சீனர்கள். நாம் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, பொரியலைத் தொட்டுக்கொள்கிறவர்கள். "வெறும் வாயில் பொரியலா?" என்று அம்மா முகம் சுளித்தார். கெஞ்சிக் கேட்டு மூன்று நாள் முட்டைக்கோஸ் பொரியலையும் மீனையும் முதலில் சாப்பிட வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால், வழக்கமாக 12ஐத் தாண்டும் சர்க்கரை எண் (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) 10க்குள் நின்றது. ஒரு வீட்டின் மூன்று நாள் கணக்கு அறிவியல் ஆகாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்: நீரிழிவு உள்ள நம்மவர்களை வைத்து, நம் சாப்பாட்டிலேயே இந்தச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். பிசைந்த சோறு, தோசை, காலை நேரத்துப் பரோட்டா, இரவு ஒன்பது மணிக்கு மேல் சாப்பிடும் நம் வழக்கம் எல்லாம் அதில் வர வேண்டும்.

இன்னொன்று. தேசியச் சுகாதார ஆய்வுகள் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும்தான் கணக்கில் எடுக்கின்றன. இங்கே வேலை பார்க்க வந்து தங்கும் விடுதிகளில் இருக்கும் நம் தமிழ்நாட்டுத் தம்பிகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. பொட்டலச் சோற்றைக் காலையில் வாங்கி மதியம் சாப்பிடுகிறவர்களை ஆராயாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசியாக, ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் இரத்தத்தையும் கண் படத்தையும் இனியும் மனமுவந்து தருவோம். அம்மாவும் தயார்தான். ஒவ்வோர் ஆய்வும் முடிந்தபின், என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கலந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். இறந்துபோனவர் என்றால் அவர் குடும்பத்துக்கு அனுப்புங்கள். அப்பாவின் படம் உதவிய கதையை நான் சொல்லி முடித்தபோது, அம்மா மருந்தக நாற்காலியில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்: "அந்தப் படம் இன்னும் அவர்களிடம் இருக்குமா?"

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தோ பாயோ