சக்தியைக் குறைக்கவும்

கோத்தகிரி,
தை மாதம், ஞாயிறு இரவு.

அன்புள்ள சண்முகம்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் தீபாவளியையும் பொங்கலையும் கடத்திவிட்டேன், மன்னித்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்குக் குளிரில் முழங்கால் வலி கூடியிருக்கிறது, மற்றபடி குறையில்லை. காலையில் எழுந்து பார்த்தால் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிறது. பச்சைத் தேயிலை விலையைப் பற்றி எழுதத் தொடங்கினால் தாள் போதாது, ஆகவே அதை விட்டுவிடுகிறேன். உன் மகளுக்கு வேலை கிடைத்த அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம் என்பதை மட்டும் அவளிடம் சொல்.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. ஒரு பிள்ளையின் கதை விஷயத்தில் நான் தவறு செய்துவிட்டேன். அந்தத் தவறில் உனக்கும் பாதிப் பங்கு உண்டு என்பதால் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் தபால்காரரின் பேத்தியை உனக்கு நினைவிருக்கும். நீ வந்திருந்தபோது உன் கேமராவை வாங்கித் திருகாணி திருகாணியாகக் கழற்றிப் பார்த்தவள். இப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளி ஆண்டு மலருக்காக எட்டுப் பக்கத்தில் ஒரு விஞ்ஞானக் கதை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் வரும் பெண் நினைத்த மாத்திரத்தில் எந்த எந்திரத்தையும் நிறுத்திவிடுவாள். வேற்றுக்கிரகத்திலிருந்து மூன்று படைகள் வருகின்றன. அவள் கொடநாடு காட்சிமுனையில் நின்றுகொண்டு மூன்றையும் நிறுத்திவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுகிறாள். நான் ஓரத்தில் சிவப்பு மையில் ‘கதாநாயகிக்குச் சக்தி மிதமிஞ்சிவிட்டது, குறைக்கவும்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் காலை ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்று, “சார், நீங்கள் போட்டுக் காட்டிய சூப்பர்மேன் படத்தில் அவர் பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தையே திருப்பிவிடுகிறார். அவருக்கு யாராவது ‘குறைக்கவும்’ என்று எழுதினார்களா?” என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை. எனக்குப் பதில் வரவில்லை.

அந்தச் சிவப்பு மை வாக்கியம் உன்னுடையது என்பது அப்போதுதான் உறைத்தது. 2003இல், மேட்ரிக்ஸ் படத்தின் இரண்டாம் பாகம் பார்த்துவிட்டுக் காந்திபுரம் பேருந்து நிலையத்து டீக்கடையில் நின்றுகொண்டு, அடியே படாத கதாநாயகனைப் படைப்பது எழுதுகிறவனின் சோம்பேறித்தனம் என்று நீ தீர்ப்புச் சொன்னாய். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதை என் கருத்தாகவே வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடந்த மூன்று வாரங்களாகத்தான் அது சரிதானா என்று யோசிக்கிறேன்.

உன் சாட்சியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது வலுவான சாட்சி. 1999இல் வந்த முதல் பாகத்தில் கதாநாயகன் நியோ பின்னால் வளைந்து தோட்டாக்களைத் தவிர்க்கும்போது ஒன்றிரண்டு உரசிக்கொண்டு போகும். நாம் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டோம். இரண்டாம் பாகத்தில் எதிரி ஸ்மித்தின் நகல்கள் கூட்டம் கூட்டமாக அவனைச் சூழ்ந்துகொள்ள, நெடுநேரம் சண்டை நடந்த பிறகு, அவன் வானத்தில் எழும்பிப் பறந்து போய்விடுகிறான். முதல் நிமிடத்திலேயே பறந்திருக்கலாமே என்று நீ கத்தியது எனக்கு இன்னும் கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால், சண்முகம், அதே படத்தின் கடைசிப் பகுதியில், சுவரெல்லாம் திரைகள் நிறைந்த அறையில், அவனுக்கு முன்னால் இரண்டு கதவுகளை வைக்கிறார்களே, அதை ஏன் நாம் பேசாமல் விட்டோம்? ஒரு கதவு மனித இனத்தைக் காப்பாற்றும் வழி என்று சொல்லப்படுகிறது, மற்றொன்று அவன் காதலி டிரினிடியிடம் கொண்டுபோய் விடும். அவனுடைய சக்தியில் ஒரு துளிகூடக் குறையவில்லை, அப்படியிருந்தும் அந்த இடத்தில் அது எதற்கும் உதவவில்லை. ஒரே ஆள், ஒரே பலம், ஒரே படம். ஒரு காட்சி சப்பென்று போகிறது, மற்றொன்று மூச்சைப் பிடித்துக்கொள்ள வைக்கிறது. அப்படியானால் குற்றம் பலத்தின்மேல் எப்படி வரும்? சண்டைக் காட்சியில் ‘ஜெயிப்பானா’ என்ற ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது, அதற்கான விடை எல்லோருக்கும் முன்பே தெரியும். கதவுகளுக்கு முன்னால் கேட்கப்படுவது ‘யாரை விடுவாய்’ என்ற கேள்வி.

சூப்பர்மேனுக்கு வருகிறேன். 1978இல் வந்த அந்தப் படத்தை நாம் விடுதியில் வாடகைக்கு டெக் எடுத்துப் பார்த்த இரவு உனக்கும் மறந்திருக்காது. உன் அப்பா தவறி நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வளர்த்த தகப்பன் மாரடைப்பில் விழுந்து இறந்ததும், இத்தனை சக்தியை வைத்துக்கொண்டும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று அந்தப் பையன் தாயிடம் சொல்லும் இடத்தில், அறையில் பன்னிரண்டு பேர் இருந்தும் ஒருவரும் உன் பக்கம் திரும்பவில்லை. ஐம்பது மூட்டை இருந்தாலும் தனியாக லாரியில் ஏற்றிவிடுவார் என்று நீ சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட மனிதர் உன் அப்பா. மருத்துவமனைக் கட்டிலில் அவர் தண்ணீர் டம்ளரைத் தூக்க முடியாமல் இருந்ததை அதற்குப் பிறகுதான் எனக்குச் சொன்னாய். அந்த ஒரு காட்சியை எழுதியவனைச் சோம்பேறி என்று உன்னால் சொல்ல முடியுமா?

அதே படத்தின் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. காதலி லோயிஸ் இறந்ததும் அவன் காலத்தைத் திருப்புகிறான். பெற்ற தந்தையின் குரல் தடுக்கிறது, வளர்த்த தந்தையின் குரல் வேறொன்று சொல்கிறது, அவன் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறான். அதுவரை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தேர்வுக்கு அவன் எந்த விலையும் கொடுக்கவில்லை. கல்லறை ஓரத்தில் அவன் கற்றுக்கொண்ட பாடமும் அத்துடன் அழிந்துபோகிறது. இதற்குமேல் எந்தப் பாகத்தில் யார் இறந்தாலும், மறுபடி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாமே என்று பார்க்கிறவன் நினைக்கத்தானே செய்வான்?

தொடர்படங்களின் நோய் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1938இல் சீகலும் ஷூஸ்டரும் அச்சில் கொண்டுவந்த சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம் தாவுவான், அவ்வளவுதான். அடுத்த கதை முந்தியதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்காக ஆண்டுக்கு ஆண்டு அவனுக்குப் பலம் ஏற்றிக்கொண்டே போனார்கள். ஏற்றிய பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், 1943இல் வானொலித் தொடரில் அவன் பலத்தைப் பறிக்கும் கிரிப்டோனைட் என்ற கல்லைக் கொண்டுவந்தார்கள். வெளியிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைப்பது எளிது, அவன் மனத்துக்குள்ளிருந்து ஒரு தடையை எடுப்பதுதான் கடினம். கல்லும் கைகொடுக்காத இடத்தில் ஆளையே வெளியே அனுப்பிவிடுகிறார்கள். 2019இல் வந்த அவெஞ்சர்ஸ் கடைசிப் பாகத்தில் பெரும் பலசாலியான கேப்டன் மார்வெல் தொடக்கத்தில் வருகிறாள், மற்றக் கிரகங்களையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறாள், இறுதிச் சண்டைக்குத் திரும்பி வருகிறாள். நடுவே அவள் இருந்திருந்தால் கதை நின்றிருக்காது என்பது எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. உன் கோபம் இங்கே செல்லுபடியாகும்.

எந்திரனை எடுத்துக்கொள். 2010இல் நாம் தனித்தனி ஊரில் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் தொலைபேசியில் பேசினோமே, அதில் நாம் பேசியதெல்லாம் கடைசி அரைமணி நேரத்துப் பிரம்மாண்டத்தைப் பற்றித்தான். இப்போது எனக்கு நினைவில் நிற்பது அந்தத் தீவிபத்துக் காட்சி. எரிகிற கட்டடத்திலிருந்து சிட்டி என்ற எந்திர மனிதன் ஒவ்வொருவராக வெளியே கொண்டுவருகிறது. குளித்துக்கொண்டிருந்த பெண்ணையும் அப்படியே, ஆடையில்லாமல், கேமராக்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவே தூக்கிக்கொண்டு வந்து நிறுத்துகிறது. அவள் அவமானம் தாங்காமல் சாலையில் ஓடி, வண்டியில் அடிபட்டு இறந்துபோகிறாள். நெருப்பு அதை ஒன்றும் செய்யவில்லை, உயரமும் புகையும் ஒன்றும் செய்யவில்லை. ஒரு துணியை எடுத்துப் போர்த்த வேண்டும் என்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை. சிட்டியின் பலத்தை அங்கே பாதியாகக் குறைத்திருந்தால் அந்தக் காட்சி விழுந்திருக்கும். வேறு எதுவும் தடையாக இல்லாததால்தான் அந்த ஒரு போதாமை நம்மை அறைகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது அந்தப் பெண்ணுக்காக. எல்லாம் வல்ல கதாநாயகியைக் கேலி செய்ய ‘மேரி சூ’ என்று ஒரு பட்டப்பெயர் ஆங்கிலத்தில் புழங்குகிறதே, அதன் பிறப்பு 1973. ஸ்டார் டிரெக் ரசிகர்கள் எழுதி அனுப்பும் கதைகளைப் படித்துச் சலித்துப்போன பாலா ஸ்மித் என்ற பெண், தம் ரசிகர் இதழில் ஒரு சிறு கேலிக்கதை எழுதினார். அதன் நாயகி மேரி சூவுக்கு வயது பதினைந்தரை. விண்கலத்தில் எல்லாவற்றையும் அவளே சாதிக்கிறாள், கடைசியில் எல்லோரும் கண்ணீர் விட இறந்துபோகிறாள். அவள் திறமைசாலியாக இருப்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அவளைப் பார்த்து வியப்பதற்காகவே சுற்றியிருக்கும் தளபதிகளும் அறிஞர்களும் மண்டூகங்களாகச் சிறுத்துப்போகிறார்கள், குறை அங்கேதான் இருக்கிறது. பிற்காலத்தில் இந்தச் சொல்லைக் கையில் பலம் உள்ள பெண் பாத்திரம் எதன்மேலும் வீசத் தொடங்கிவிட்டார்கள். 2015இல் ஸ்டார் வார்ஸ் நாயகி ரே தன் முதல் படத்திலேயே வில்லன் கைலோ ரென்னை வென்றுவிட்டாள் என்று கொதித்தவர்கள், அவன் அப்போதுதான் தன் தகப்பனைக் கொன்றுவிட்டு, விலாவில் காயத்தோடு, அந்தக் காயத்தைத் தானே குத்திக்கொண்டு நின்றதை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை? 2017இல் அவளுடைய பெற்றோர் ஊர்பேர் தெரியாதவர்கள் என்று சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. 2019இல் அவளைப் பேரரசனின் பேத்தியாக்கிவிட்டார்கள். பலம் வந்த வழிக்குக் குலக்கணக்குக் காட்ட வேண்டும் என்று யார் கேட்டார்கள்? தபால்காரரின் பேத்தி மூன்று படைகளை நிறுத்தக் கூடாதா?

நம் கம்பனைக் கொஞ்சம் நினைத்துப் பார். கடலைத் தாண்டி வந்தவன் அசோகவனத்தில் நின்று, என் தோளில் ஏறுங்கள், இப்போதே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்கிறான். அவனால் முடியும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சீதையோ, இலங்கை என்ன, எல்லையற்ற உலகங்கள் அனைத்தையும் என் சொல்லாலேயே சுட்டுவிடுவேன், அது இராமனின் வில்லாற்றலுக்கு மாசாகும் என்று விட்டுவிட்டேன் என்கிறாள். அந்த வனத்தில் இருவரும் பேராற்றல் படைத்தவர்கள், இருவரும் அதைப் பயன்படுத்தவில்லை. இத்தனை நூற்றாண்டுகளாகக் கேட்கிறோம், சலிக்கவில்லை. என் சிவப்பு மையைக் கம்பன் பாட்டின் ஓரத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சென்ற சனிக்கிழமை படம் போட்டு முடித்து, பிள்ளைகள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் இறங்கினேன். மஞ்சு மூடிக்கொண்டிருந்தது. திருப்பத்து வீட்டு வேலியருகே ஒற்றைக் காட்டெருமை நின்றது. இருபதடிகூட இருக்காது. முழங்காலுக்குக் கீழே வெள்ளை உறை போட்டதுபோன்ற கால்கள், தோளின் திமில் என் தலைக்குச் சமமாக இருந்தது, மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அது வேலிக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, மேரக்காய்ப் பந்தலிலிருந்து ஒரு கொடியை மெதுவாக இழுத்துத் தின்றது. “சார், தள்ளினால் வேலி விழுந்துவிடுமே, ஏன் தள்ளவில்லை?” என்று அந்தப் பெண் என் காதருகே கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். கால்மணி நேரம் நாங்கள் ஏழு பேரும் அசையாமல் நின்றோம். அது எதையும் செய்யவில்லை. ஒருவர்கூட அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நேற்று முன்தினம் அவளிடம் போய், நான் எழுதியது தவறு, சக்தியைக் குறைக்க வேண்டாம் என்று சொன்னேன். அவள் அதற்கு முன்பே ஒன்பதாம் பக்கம் எழுதி வைத்திருந்தாள். சக்தி அப்படியேதான் இருக்கிறது. கொடநாட்டிலிருந்து கீழே தெரியும் எல்லா எந்திரங்களும் நிற்கின்றன, மூன்று படைகளும் நிற்கின்றன. வீட்டுக்கு ஓடி வந்தால், பாட்டியின் கட்டிலருகே இருக்கும் ஆக்சிஜன் எந்திரமும் நின்றுபோயிருக்கிறது. அதை மறுபடி ஓடவிட்டால் மேலே நிற்கும் படைகளும் ஓடத் தொடங்கும்.

அந்த ஒன்பது பக்கங்களின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பத்தாம் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை. “அவளுக்கு எல்லாவற்றையும் நிறுத்தத் தெரியும் சார், ஒன்றை மட்டும் விட்டுவிடத் தெரியாது. கற்றுக்கொள்ள எவ்வளவு நேரம் கொடுக்கலாம்?” என்று கேட்டாள். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மலர் அச்சுக்குப் போக மார்ச் முதல் வாரம் வரை நேரமிருக்கிறது. அதற்குள் பதில் போடு, எனக்கு வேண்டாம், நேராக அவளுக்கே எழுது.

அன்புடன்,
இராமநாதன்