தம்பிக்காக ஜெபித்த அனைவருக்கும் நன்றி

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு,

வீட்டைவிட்டுப் போயிருந்த தம்பி, பல ஆண்டுகளுக்குப் பின் நேற்று இரவு நம் வீட்டில் உறங்கினான். நடந்தவற்றை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அவன் அறை வாசலில் நின்று நின்று பார்த்துவிட்டு, விடிந்ததும் இந்த மடலை எழுத அமர்ந்திருக்கிறேன்.

உபவாசமிருந்தவர்கள், நள்ளிரவிலும் தொலைபேசியை எடுத்தவர்கள், முறைவைத்து வந்து அம்மாவுக்குத் துணையிருந்தவர்கள், முகமறியாமல் பெயரை மட்டும் கேட்டு மன்றாடியவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

ஆயினும் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாக எழுதாமல் இருக்க இயலவில்லை. பெயரைச் சொல்வதை அவர் விரும்பமாட்டார். காத்திருந்த ஏழாம் ஆண்டில் ஒருநாள், "இனி அவனுக்காக ஜெபிக்க எனக்கு வாய் வரவில்லை, பாட்டி" என்று நான் உடைந்து சொன்னபோது, கடைசி வரிசையில் அமரும் அந்த மூதாட்டி எனக்கு வசனம் எதையும் எடுத்துக் காட்டவில்லை, விசுவாசம் குறைந்துவிட்டதென்று கடிந்துகொள்ளவும் இல்லை. "சரிம்மா, நீ கொஞ்ச நாள் இளைப்பாறு. உன் பங்கையும் சேர்த்து நான் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு, வேதாகமத்துக்குள் வைத்திருந்த சிறிய குறிப்பேட்டைப் பிரித்துக் காட்டினார். பென்சிலால் எழுதியிருந்த தம்பியின் பெயர் விரல் பட்டுப் பட்டு மங்கி, அதன்மேலேயே மீண்டும் மீண்டும் எழுதப்பட்டு, தாளில் பள்ளமாகப் பதிந்திருந்தது. என் குறிப்பேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'பதில் கிடைத்த நாள்' என்று ஒரு கட்டம் உண்டு. அவருடையதில் பெயர்கள் மட்டுமே இருந்தன. "ஏதாவது மாற்றம் தெரிகிறதா?" என்று அவர் ஒருமுறைகூட என்னைக் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு அஞ்சியே பல ஞாயிறுகளில் ஆராதனை முடியுமுன் எழுந்து போயிருக்கிறேன்.

பின்னாளில் திருச்சபையின் பெரும் போதகரான தன் மகன் அகஸ்டின் கடல் கடந்து போய்விடக் கூடாதென்று வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் கரையில் மோனிக்கா அழுது ஜெபித்த இரவிலேயே, அவர் தாய்க்குத் தெரியாமல் கப்பலேறிவிட்டார். அந்தப் பயணந்தான் பின்னர் அவரை மிலானில் ஆயர் அம்புரோசின் பிரசங்கங்களைக் கேட்கவைத்தது. 387ஆம் ஆண்டில் அம்புரோசின் கையாலேயே அவர் ஞானஸ்நானம் பெற்றார். அதைக் கண்ணாரக் கண்ட மோனிக்கா அதே ஆண்டில் மறைந்தார். தம்பி வீட்டைவிட்டுப் போகக் கூடாதென்றுதான் நானும் முதலில் மன்றாடினேன். அவன் போனான், போன இடத்தில்தான் கர்த்தர் அவனைச் சந்தித்தார். இத்தனை ஆண்டுகள் ஏன் ஆயின என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. விளங்காமலே அவர் வேளையை நம்பலாம் என்பதை அந்தப் பாட்டியின் அருகில் அமர்ந்திருந்தபோது கற்றுக்கொண்டேன்.

இன்று காலை என் குறிப்பேட்டில் புதிய பக்கம் எடுத்து, நம்மிடையே மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயின் பெயரையும் அவர் மகனின் பெயரையும் பென்சிலால் எழுதினேன். எதிரே கட்டம் போடவில்லை. அம்மா, நீங்கள் இதை வாசிக்கக்கூடும். சோர்ந்துபோகும் நாட்களில் இளைப்பாறுங்கள். உங்கள் பங்கையும் சேர்த்து நான் கேட்கிறேன்.

நன்றியுடன்,
அவனுடைய அக்கா