பள்ளியும் பேருந்தும் முதலில் வரட்டும்

ஐயா,

புதிய நகரத் திட்டத்துக்கு உள்ளாட்சி மன்றம் ஒப்புதல் அளித்த செய்தியைப் படித்தேன். வீடுகள் வேண்டும், அதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் பள்ளி, மருத்துவமனை, பேருந்து எல்லாம் 'பிற்கட்டத்தில்' என்று தள்ளப்படுவதுதான் கவலை தருகிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே 10,000 வீடுகளுக்குத் திட்டமிட்ட நார்த்ஸ்டோவில் 2017இல் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள். அதன்பின் பல ஆண்டுகள் அங்கே ஒரு கடைகூட இல்லை. நான் முன்பு குடியிருந்த புதுக் குடியிருப்பிலும் இதே கதைதான். பள்ளிக்கென ஒதுக்கிய மனையில் கம்பிவேலியும் அறிவிப்புப் பலகையும் மட்டுமே நின்றன. பலகையில் எழுத்தே வெளுத்துப்போனது. பிள்ளைகளோ, கட்டுமான லாரிகள் புழுதி கிளப்பும் சாலையோரமாக அடுத்த ஊர்ப் பள்ளிக்கு நடந்தார்கள்.

வீடுகள் விற்றுத் தீர்ந்த பிறகு கட்டுநரை யார் கேட்பது? எனவே, இத்தனை வீடுகளில் ஆள் குடியேறும் முன் பள்ளி திறந்திருக்க வேண்டும், பேருந்து ஓடியிருக்க வேண்டும் என்று எண்ணிக்கையோடு நிபந்தனை எழுத வேண்டும். அது நிறைவேறும்வரை அடுத்த கட்டப் பணிக்கு மன்றம் அனுமதி தரக்கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்