நர்கிஸில் போனவர்களுக்கு இரண்டு பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்ட்டோ ரிக்கோவில் மரியா புயலுக்குப் பலியானவர்களின் நினைவாகச் செருப்புகளையும் ஷூக்களையும் வரிசையாக வைத்தது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். வீட்டில் உரக்க வாசித்தேன். "செருப்பை வைத்தா அஞ்சலி செய்வார்கள்?" என்று என் மனைவி முகம் சுளித்தாள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. அப்புறம் யோசித்தால், நம் வீட்டு வாசலில் செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்றுதானே அர்த்தம்.

அந்தக் கட்டுரை மெழுகுவர்த்தியையும் பூவையும் வர்ணித்த அளவுக்குக் கணக்கைச் சொல்லவில்லை. 2017 செப்டம்பரில் அடித்த அந்தப் புயலுக்கு அரசு சொன்ன சாவு வெறும் 64. அடுத்த ஆண்டு மே கடைசியில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 4,645 என்று ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். அதற்குச் சில நாட்களிலேயே ஜனங்கள் செருப்பும் கையுமாகச் சான் ஹுவான் சட்டமன்றக் கட்டடத்தின் முன் வந்துவிட்டார்கள். ஆகஸ்டில் அரசே 2,975 என்று மாற்றிக்கொண்டது. அழுவதற்கு மட்டும் வந்த கூட்டமில்லை அது, கணக்குக் கேட்க வந்த கூட்டம்.

நம் பர்மாவுக்கு வருகிறேன். 2008 மே 2ஆம் தேதி இரவு நர்கிஸ் புயல் அடித்தபோது யாங்கோனில் நாங்கள் கட்டிலுக்கடியில் உட்கார்ந்திருந்தோம். கூரைத் தகரம் பிய்ந்து பறக்கிற சத்தம் விடியும்வரை ஓயவில்லை. காலையில் தெருவில் இறங்கினால், வெள்ளைக்காரன் காலத்து மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, மெழுகுவர்த்தி விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. நமக்குத்தான் பெரிய கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஐராவதிக் கழிமுகத்தில் 12 அடி உயரத்துக்குக் கடல் எழுந்து ஊருக்குள் புகுந்தது அப்போது எங்களுக்குத் தெரியாது. முதலில் தொலைக்காட்சியில் சொன்ன எண்ணிக்கை 351. ஜூன் கடைசியில் இறந்தவர்கள் 84,537, காணாமல் போனவர்கள் 53,836 என்று அறிவித்தார்கள். கணக்கு அத்தோடு நின்றது. நான் அரசியல் பேச வரவில்லை. எண் வந்தது, பெயர் வரவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

என் தாய்மாமா அந்தக் கழிமுகத்தில் லபுத்தா பக்கம் ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1964இல் சொந்தக்காரர்கள் எல்லாம் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, போகமாட்டேன் என்று தங்கிவிட்டவர். புயலுக்குப் பிறகு அவரிடமிருந்து தகவலே இல்லை. ஜூனில் என் சித்தப்பா மகன் அரிசி மூட்டையும் குடிதண்ணீரும் ஏற்றிப்போன ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு தேடிப் போனான். தப்பித்தவர்கள் தங்கியிருந்த புத்த மடத்தில் ஒரு புங்ஜி (பிக்கு), பள்ளிக்கூட நோட்டில் ஊர் ஊராகப் பெயர் எழுதி வைத்திருந்தாராம். பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தனவாம். இவன் மாமாவின் பெயரைச் சொன்னான். தமிழ்ப் பெயர் எதுவும் நோட்டில் இல்லை. "அவருடைய பர்மியப் பெயர் என்ன?" என்று புங்ஜி கேட்டார்.

இவனுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்து கேட்டான், எங்கள் யாருக்குமே தெரியவில்லை. அம்மாவுக்கு அண்ணன், எனக்கு மாமா, மில்லில் கணக்கப்பிள்ளை. அறுபது வயதைத் தாண்டிய மனிதரின் அடையாள அட்டையில் என்ன பெயர் இருந்தது என்று கேட்டுவைக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வருடம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பழைய மூன்று மடிப்பு அட்டையின் நகல் ஒன்று கிடைத்தது. பெயர் தெரிந்துவிட்டது என்று மறுபடியும் ஆளனுப்பினோம். அந்தப் புங்ஜி வேறு மடத்துக்குப் போயிருந்தார். நோட்டு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மாமா செத்தவர் கணக்கில் இருக்கிறாரா, காணாமல் போனவர் கணக்கிலா, இரண்டிலும் இல்லையா? இன்றுவரை தெரியாது. உடம்பு கிடைக்காததால், சித்திரைத் தேய்பிறையில் அந்தத் தேதியை ஒட்டி ஒரு நாளை நாங்களே வைத்துக்கொண்டு திதி கொடுக்கிறோம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. வீட்டில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர் என்று வாழ்கிறவர்கள்தானே பர்மாத் தமிழர்களான நாம். அட்டையே இல்லாமல் வாழ்ந்தவர்களும் உண்டு, அவர்களை எந்தப் பட்டியலில் தேடுவது? கழிமுகத்தைத் திருத்தி நெல் வயலாக்கியதில் நம் பாட்டன்மார் உழைப்பும் செட்டியார் பணமும் இருக்கிறது என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். அந்த வயலோடு போனவர்களில் நம்மவர் யார் யார் என்று கேட்டால் பதில் இல்லை.

நினைவுத் தூண் வேண்டும் என்று உங்கள் வாசகர்களில் சிலர் எழுதக்கூடும். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. இடம் யார் தருவது, அனுமதி யார் வாங்குவது, திறப்புவிழாவுக்கு யாருக்கு மாலை போடுவது என்பதிலேயே பத்து வருஷம் ஓடிவிடும். கல்லில் எழுதுவதற்கு முதலில் பெயர் வேண்டாமா? கோயிலுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் மூன்று இறக்கையிலும் உபயதாரர் பெயரை எழுதுகிற சமூகம் நாம். நர்கிஸில் போனவர்களுக்காக ஒரு நோட்டு போட முடியாதா?

நான் ஒன்று போட்டிருக்கிறேன். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் வீட்டுப் பெயர், வலப்பக்கம் பர்மியப் பெயர். முதல் வரி மாமா. போன மாதம் கோயிலில், கழிமுகத்து ஊரான போகலேயிலிருந்து வந்து தங்கிவிட்ட ஒரு பாட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். மகன், மருமகள், மூத்த பேரன் என்று விரலை மடக்கிக்கொண்டே சொன்னார். நான்காவது விரலை மடக்கிவிட்டு நிறுத்திக்கொண்டார். "அதுக்கு இன்னும் பேரு வைக்கலப்பா" என்றார். புயலுக்குப் பத்து நாள் முன்னால் பிறந்த குழந்தையாம். அந்த வரியில் இரண்டு பக்கமும் காலியாக விட்டு, எண் மட்டும் போட்டிருக்கிறேன்.

அந்தப் பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். அவரைப் போன்றவர்கள் இருக்கும்போதே இது நடந்தால்தான் உண்டு. ஆகவே ஒரு வேண்டுகோள். மே 2ஆம் தேதியை ஒட்டி வரும் உங்கள் இதழில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். வீட்டுப் பெயர், பர்மியப் பெயர், ஊர், தெரிந்தால் வயது ஆகியவற்றை மட்டும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தட்டச்சு செய்து தர நான் தயார். அட்டை எண்ணை மட்டும் கேட்டுவிடாதீர்கள், கேட்டால் ஒருவரும் எழுதமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
யாங்கோன்.