பழைய படகைப் பற்றி அப்பாவுக்கு

ஆக்லாந்து, நியூசிலாந்து,
அக்டோபர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். கடலே இல்லாத தருமபுரி மாவட்டத்தில் பிறந்தவனுக்குப் பாய்மரப் படகு எதற்கு, அதுவும் தன் வயதைவிட மூத்த படகு எதற்கு என்று சென்ற வாரம் போனில் கேட்டீர்கள். அப்போது ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை.

படகு 1978-இல் கட்டப்பட்டது. நீளம் 32 அடி. உள்ளே படுக்கையும் அடுப்பும் உண்டு. இதே நீளத்தில் புதியது வாங்க நம் மாந்தோப்பை விற்றாலும் போதாது. இதை ஒரு பழைய கார் விலைக்கு வாங்கினேன். படகு கண்ணாடியிழையால் (ஃபைபர் கிளாஸ்) ஆனது. அந்தக் காலத்தில் பலர் தடிமனைத் தாராளமாகவே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதனால் வேகம் குறைவுதான்; ஆனால் காற்று வலுக்கும் நாளில் அந்த எடைதான் படகை நிதானமாக வைத்திருக்கிறது.

செலவு மட்டும் வாங்கியதோடு முடியவில்லை. ஒகேனக்கல்லில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசுவார்களே, அதுபோல இங்கும் ஆண்டுதோறும் படகைக் கரையேற்றி, சிப்பியையும் பாசியையும் சுரண்டி, செம்பு கலந்த பெயின்ட் அடிக்க வேண்டும். கிரேனுக்கு ஒரு கூலி, கரையில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாடகை.

கண்ணுக்குத் தெரியாத பழுதுதான் பெருந்தொல்லை. மேல்தளத்தில் இரண்டு கண்ணாடியிழைப் படலங்களுக்கு நடுவே பால்சா என்னும் லேசான மரம் இருக்கிறது. ஏதோ ஒரு திருகாணித் துளை வழியாக இறங்கிய மழைநீர் அதை மக்கச் செய்துவிட்டது. சந்தையில் அம்மா மண்பானையைத் தட்டிப் பார்ப்பது போலத் தளம் முழுவதையும் தட்டி, ஓசை மந்தமாகக் கேட்ட இடங்களை அறுத்தெடுத்தேன். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகளோ பளபளவென்றுதான் இருக்கின்றன. ஆயினும் பத்துப் பதினைந்து ஆண்டானால் அவற்றை மாற்றச் சொல்லிக் காப்பீட்டுக்காரர்கள் கேட்பது வழக்கம். முன்பு வைத்திருந்தவரிடம் அதற்கான ரசீது இல்லை. வாங்குமுன் கேட்காதது என் தவறு.

இருந்தும் விற்க மனமில்லை. நீங்கள் கிணற்று மோட்டாரைப் பிரித்துப் பூட்டியபோது டார்ச் பிடித்து நின்றவன் நான். இந்த டீசல் என்ஜினிலும் எல்லாம் கைக்கு எட்டுகிறது. அதன் தண்ணீர் பம்பை நானே பழுது பார்த்தேன். என்ஜினை நிறுத்திப் பாயை ஏற்றியதும் கேட்கும் தண்ணீர்ச் சத்தத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

கம்பிகளுக்குப் பணம் ஒதுக்கிவிட்டதால் பொங்கலுக்கு வர இயலாது. ஆடிப்பெருக்குக்கு வருகிறேன், அப்போது இங்கே குளிர்காலம், படகுக்கு வேலை இராது. விடுப்புக் கிடைக்கவில்லை என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்